ஹாக்ஸிடம் சிக்சர்ஸ் தோற்ற ஏழாவது ஆட்டம்: பழி முழுதும் சிம்மன்ஸ் மேல்தானா?

ஈசூன் வாசி | 21 ஜூன் 2021

என்பிஏ கூடைப்பந்து பிளேஆஃப், இரண்டாவது சுற்று: அட்லாண்டா ஹாக்ஸ் 103, ஃபிலடெல்ஃபியா சிக்சர்ஸ் 96. கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, ஐந்தாம் இடத்து அணியிடம் சொந்த அரங்கிலேயே தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. நமக்கு இங்கே சிங்கப்பூரில் காலை எட்டு மணி ஆட்டம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே பெயர்தான்: சிக்சர்ஸின் பென் சிம்மன்ஸ்.

அவர் ஆடியது எனக்கும் பிடிக்கவில்லை. நான்கு முறைதான் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார், எடுத்தது 5 புள்ளி. இதை யாரும் மூடி மறைக்க முடியாது. ஆனால் கடைசி நிமிடங்களில் தானே எறியாமல் அவர் கொடுத்த ஒரே ஒரு பாஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டி, தொடர் முழுவதும் நடந்த எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தொடர் கைவிட்டுப் போனது இன்று அல்ல, ஐந்தாவது ஆட்டத்தில். சொந்த அரங்கில் 26 புள்ளி முன்னிலை. நான்காவது குவார்ட்டர் தொடங்கும்போதும் 18 புள்ளி கையில் இருந்தது. அதை 109-106 என்று தோற்றார்கள். இரண்டாம் பாதியில் அணியின் நட்சத்திரம் எம்பீடையும் செத் கரியையும் தவிர வேறு யாரும் ஒரு கூடைகூடப் போடவில்லை. ஒன்றுகூட இல்லை! டோபையஸ் ஹாரிஸ் அன்று மொத்தமே 4 புள்ளி. அதற்கு முந்தைய நான்காவது ஆட்டத்திலும் 18 புள்ளி முன்னிலையை விட்டுக்கொடுத்து 103-100 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எம்பீட் 12 முறை எறிந்து ஒன்றுகூட விழவில்லை.

என் வரிசை இது. முதலில் கோச் டாக் ரிவர்ஸ். கையில் இருந்த ஆட்டங்களை இரண்டு முறை நழுவவிட்டவர் அவர். அடுத்து எம்பீட், இன்று பந்தைப் பறிகொடுத்த 8 டர்ன்ஓவருக்காக. மூன்றாவதாகத்தான் சிம்மன்ஸ். உங்கள் கருத்து என்ன?


தெம்பனிஸ் தாக்குதல் | 21 ஜூன் 2021

அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த வரிசையை என்னால் ஏற்கவே முடியாது.

அந்த ஒரு ஆட்ட நகர்வை மறுபடி பாருங்கள். ஹாக்ஸ் 88, சிக்சர்ஸ் 86. மூன்றரை நிமிடம் மீதி. சிம்மன்ஸ் கூடைக்கு முதுகு காட்டி நிற்கிறார், பின்னால் ஹாக்ஸின் கலினாரி. ஒரு சுழற்சி. கலினாரி பின்தங்கிவிட்டார். இப்போது சிம்மன்ஸ் வளையத்துக்கு நேர் கீழே. எதிரே இருப்பது ஹாக்ஸின் நட்சத்திரம் ட்ரே யங் மட்டும். யங் ஆறடியைச் சற்றுத் தாண்டுவார். சிம்மன்ஸ் ஆறடி பத்து அங்குலம். கையை உயர்த்தினால் போதும், டங்க். ஆட்டம் சமன். அரங்கமே எழுந்து நிற்கும்.

அவர் என்ன செய்தார்? பந்தைப் பக்கத்தில் ஓடி வந்த சக வீரர் தைபூலிடம் தள்ளிவிட்டார். தைபூல் ஃபவுல் வாங்கினார், அதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது) ஒன்றைத்தான் போட்டார். 88-87. அதோடு அரங்கத்தின் உற்சாகமே வடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் யங் தொலைவிலிருந்து ஒரு திரீ பாயிண்டர் போட்டு இடைவெளியை ஆறாக்கினார்.

ஆட்டம் முடிந்ததும் எம்பீடே திருப்புமுனை என்று அந்த இடத்தைத்தான் காட்டினார். கூடவே ஆடுபவரே சொல்லும்போது நாம் என்ன மறுப்பது?

இது ஒரு நாள் தவறு என்றால் நானும் விட்டுவிடுவேன். கடைசி நான்கு ஆட்டங்களிலும் நான்காவது குவார்ட்டரில் அவர் ஒரு முறைகூடக் கூடையை நோக்கி எறியவில்லை. உச்சவரம்புச் சம்பளம் வாங்குபவர், புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். ஆட்டம் சூடுபிடிக்கும்போது பந்து தன் கைக்கு வரக்கூடாது என்று ஒதுங்கி நிற்கிறார். நான்கு பேர் ஐந்து பேரை எதிர்த்து ஆடினால் எந்த அணி ஜெயிக்கும்?


எண்கணக்கு | 21 ஜூன் 2021

சில எண்களை மட்டும் வைக்கிறேன், பேச்சுக்கு உதவும்.

சிம்மன்ஸ் இந்த பிளேஆஃபில் 73 ஃப்ரீ த்ரோ எறிந்து 25 மட்டும் போட்டார். 34.2 விழுக்காடு. ஒரே பிளேஆஃபில் 70 தடவைக்கு மேல் எறிந்தவர்களில் வரலாற்றிலேயே இதுதான் ஆகக் குறைவு. ஐந்தாவது ஆட்டத்தில் மட்டும் 14க்கு 4. தோல்வி மூன்று புள்ளியில். அந்தப் பத்தில் பாதி விழுந்திருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம். ஈசூன் அண்ணன் ஐந்தாவது ஆட்டத்தைக் காட்டி சிம்மன்ஸைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் அந்த ஆட்டத்தை எடுத்தாலும் பழி அவரிடம்தான் வருகிறது.

அதே சமயம் ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் எம்பீடும் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

இன்றைய ஆட்டத்தில் சிம்மன்ஸ் 13 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்த பாஸ்), 8 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடித்தது). எம்பீட் 31 புள்ளி, 11 ரீபவுண்ட், 8 டர்ன்ஓவர். ஹாரிஸ் 24. எதிரணியில் யங் 23 முறை எறிந்து 5 மட்டுமே போட்டார். எதிரணியின் நட்சத்திரம் இவ்வளவு மோசமாக எறிந்த நாளில், சொந்த அரங்கில் தோற்றதுதான் எனக்கு ஆறவே இல்லை.


ஈசூன் வாசி | 21 ஜூன் 2021

யங் ஏன் அவ்வளவு மோசமாக எறிந்தார் தம்பி? அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவரை விடாமல் மறித்தவர்களில் சிம்மன்ஸும் ஒருவர், தைபூலும் ஒருவர். இந்தப் பருவத்தின் சிறந்த தற்காப்பு அணியில் சிம்மன்ஸ் இருக்கிறார். சிறந்த தற்காப்பு வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். தற்காப்பில் உழைத்ததெல்லாம் கண்ணில் படாது. தாக்குதலில் தவறியது மட்டும் நூறு தடவை திரையில் வரும்.

எம்பீட் திருப்புமுனை என்று அந்த பாஸைக் காட்டியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தவர் அவர். அணியின் தலைவர் முதலில் தன் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும்.


உட்லண்ட்ஸ் வேலு | 21 ஜூன் 2021

எம்பீடுக்கு வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்திருந்தது. முதல் சுற்றில் பட்ட காயம். அந்தக் காலோடுதான் தொடர் முழுவதும் ஆடினார். மனுஷன் வலியோடு 31 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுக்கிறார், அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நான்காவது ஆட்டத்தில் 12க்கு பூஜ்யம் என்றால், அதற்குக் காரணம் கால். உந்தி எழும்ப முடியாத ஒருவரிடம் பந்தைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தது யார்? மற்றவர்கள் எங்கே போனார்கள்?

டர்ன்ஓவரும் அப்படித்தான். சிம்மன்ஸ் எறிய மாட்டார் என்று ஹாக்ஸுக்குத் தெரியும். அவரை மறிக்க வேண்டிய ஆள் அவரை விட்டுவிட்டு எம்பீட் பக்கம் வந்துவிடுகிறார். எம்பீடைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று கை. அந்த நெரிசலில் பந்து பறிபோகத்தான் செய்யும். ஆக, அந்த 8 டர்ன்ஓவரிலும் சிம்மன்ஸின் பங்கு இருக்கிறது.


புக்கிட் பாத்தோக் கோச் அக்கா | 22 ஜூன் 2021

எல்லாவற்றையும் படித்தேன். நான் வார இறுதியில் சமூக மன்றத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவள். இப்போது கொவிட் கட்டுப்பாட்டால் வகுப்பு நின்றிருக்கிறது. ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

தெம்பனிஸ் தம்பி எழுதிய அந்த இடத்தில் எல்லாரும் சிம்மன்ஸின் கையைப் பார்க்கிறீர்கள். நான் காலைப் பார்த்தேன். சுழன்று கலினாரியைத் தாண்டி வந்த வேகத்தில் அப்படியே எழும்பியிருக்க வேண்டும். அவருடைய கால் அங்கேயே நின்றுவிட்டது. எழும்பினால் யாராவது கையில் அடிப்பார்கள். அடித்தால் ஃபவுல். ஃபவுல் என்றால் கோட்டில் போய்த் தனியாக நிற்க வேண்டும், முழு அரங்கும் பார்க்க. அவர் பயந்தது யங்கைக் கண்டு அல்ல, அந்தக் கோட்டைக் கண்டு.

இதை நான் பிள்ளைகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் நன்றாகப் புகுந்து ஆடுவான். ஒரு போட்டியில் ஃப்ரீ த்ரோ வரிசையாகத் தவறும், பெற்றோர் பக்கமிருந்து பெருமூச்சு கேட்கும். அடுத்த வாரம் அவன் உள்ளே புகுவதையே நிறுத்திவிடுவான். கேட்டால், 'நான் பாஸ்தானே கொடுத்தேன், அவன் சும்மா நின்றான்' என்பான். பார்க்கிறவர்களுக்கு அது தியாகம் மாதிரித் தெரியும். எங்களுக்குத் தெரியும், அவன் கோட்டுக்குப் போகாமல் தப்பிக்கிறான் என்று. அவனைத் திட்டினால் இன்னும் மோசமாகும். பயிற்சியின் முடிவில், எல்லாரும் களைத்து மூச்சுவாங்கும் நேரத்தில், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று சத்தம் போட, அவனைக் கோட்டில் நிறுத்த வேண்டும். தவறினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று அவன் உடம்புக்குத் தெரிகிற வரை நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

அதனால் என் தீர்ப்பு இது. ஃப்ரீ த்ரோ தவறியதற்காக சிம்மன்ஸை நான் குறை சொல்லவே மாட்டேன். எறியாமல் விட்டதற்காகச் சொல்வேன். எறிந்து தவறியிருந்தால் அணி அவரோடு நின்றிருக்கும். அதே அளவு பழி அவரைச் சுற்றி இருந்த பெரியவர்களுக்கும் உண்டு. 2017-ல் ஆட வந்தவர். முதல் பருவத்திலிருந்தே அவருடைய எறிதல் ஒரு பிரச்சினை என்று உலகத்துக்கே தெரியும். இடது கையால் எறிகிறார், மற்றதை எல்லாம் பெரும்பாலும் வலது கையால் செய்கிறார், கையை மாற்றலாமே என்று எத்தனை பேர் எழுதிவிட்டார்கள். நான்கு பருவம் ஆகியும் அதே இடத்தில் நிற்கிறார் என்றால் அவர் மட்டுமா காரணம்?


தெம்பனிஸ் தாக்குதல் | 22 ஜூன் 2021

அக்கா, பதினான்கு வயதுப் பையனுக்குப் பொறுமை காட்டலாம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் 24 வயது ஆளுக்கும் அதே பொறுமையா? கோடை விடுமுறையில் அவருக்கு வேறு என்ன வேலை? தினமும் ஐந்நூறு ஃப்ரீ த்ரோ எறிய வேண்டியதுதானே. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் தளத்தில், இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும் வரை தேசிய சேவை முடித்த பையன்கள் ஃப்ரீ த்ரோ எறிகிறார்கள். அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.


புக்கிட் பாத்தோக் கோச் அக்கா | 22 ஜூன் 2021

தனியாக எறியும்போது அவருக்கும் விழும் தம்பி. ஆளில்லாத அரங்கில் எறிவதும் ஏழாவது ஆட்டத்தில் எறிவதும் ஒன்றல்ல. எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது, சூழ்நிலையைக் கூட்ட வேண்டும். உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் பாதியைப் பயிற்சியாளர் குழுவுக்கும் அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன்.


பழைய ஸ்லிங்கர்ஸ் ரசிகன் | 22 ஜூன் 2021

வயதில் மூத்தவன், இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறேன்.

நம் ஸ்லிங்கர்ஸ் அணி ஆசியான் லீக் இறுதிச் சுற்றில் இரண்டு முறை கடைசி ஐந்தாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. 2016-ல் மலேசியா டிராகன்ஸிடம், 2019-ல் இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸிடம். இரண்டாவது தோல்வி நம் ஓசிபிசி அரங்கிலேயே, மூன்றே புள்ளியில். நம் சிங்கப்பூர் வீரர் வோங் வெய் லோங் அந்தப் பருவத்தில் நைட்ஸ் அணியில் இருந்தார், அது இன்னும் உறுத்தியது. அரங்கத்திலிருந்து ஸ்டேடியம் எம்ஆர்டி நிலையம் வரை நடந்து போகும்போது ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். ஒருவர் வெளிநாட்டு வீரரை, ஒருவர் கோச்சை, ஒருவர் நடுவரை. ஐந்து ஆட்டம் கொண்ட தொடரில் மூன்று புள்ளி எங்கே போயிற்று என்று எண்ணினால் ஐம்பது இடம் கிடைக்கும்.

இங்கேயும் ஒரு இடத்தை யாருமே சொல்லவில்லை. கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஹாக்ஸ் 93, சிக்சர்ஸ் 92. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஹாக்ஸின் ஹூர்ட்டர் திரீ பாயிண்டர் எறியும்போது தைபூல் மேலே விழுந்து ஃபவுல் செய்தார். மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. 96-92. தற்காப்புக்காகவே பெயர் வாங்கிய வீரர், திரீ பாயிண்டர் எறிபவரை அந்த நேரத்தில் இடிக்கலாமா? சிம்மன்ஸின் பாஸ் நடந்து இரண்டரை நிமிடம் கழித்தும் ஆட்டம் ஒரு புள்ளியில்தான் இருந்தது. அதனால் பாஸிலேயே ஆட்டம் முடிந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன்.


எண்கணக்கு | 22 ஜூன் 2021

ஐயா சொன்னது மிக முக்கியமான இடம். நானும் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஹூர்ட்டர் அன்று 27 புள்ளி. யங்குக்குப் பந்து விழாத நாளில் ஆட்டத்தைத் தூக்கிப் பிடித்தவர் அவர்தான். செத் கரி மாதிரி உயரம் குறைந்தவர் எதிரே வரும்போதெல்லாம் அவர் தலைக்கு மேலேயே எறிந்தார். இதற்கு ரிவர்ஸ் ஒரு மாற்று வழி கண்டுபிடித்திருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் ஈசூன் அண்ணன் பக்கம் சாய்கிறேன்.


கிழக்குக்கரை ஹாக்ஸ் | 22 ஜூன் 2021

இங்கே ஹாக்ஸ் ரசிகன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. யார் மேல் பழி என்று இவ்வளவு பேசுகிறீர்கள், ஜெயித்த அணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டியாண்ட்ரே ஹண்டர் அறுவை சிகிச்சை முடிந்து வெளியே. போக்டனோவிச் முழங்கால் வலியோடு நொண்டி ஆடினார். பருவத்தின் நடுவில் கோச் மாறி, நேட் மெக்மில்லன் பொறுப்பேற்ற பிறகுதான் இந்த அணி எழுந்தது. 26 புள்ளி பின்தங்கியிருந்தபோதும் எங்கள் பையன்கள் தலை குனியவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் யங் 39 புள்ளி, பெஞ்சிலிருந்து வந்த லூ வில்லியம்ஸ் 15. சிக்சர்ஸ் நழுவவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். நாங்கள் பிடுங்கினோம்.


செங்காங் மதி | 22 ஜூன் 2021

ஹாக்ஸ் அண்ணனுக்கு வாழ்த்துகள், மனசாரச் சொல்கிறேன்.

நான் வேறு ஆளைக் காட்டுகிறேன்: நிர்வாகம். 2019-ல் டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 92-90. அந்த அணியில் கடைசி நேரத்தில் பந்தைக் கேட்டு வாங்கி எறியக்கூடிய ஒருவர் இருந்தார், ஜிம்மி பட்லர். அந்தக் கோடையிலேயே அவரை மயாமிக்குப் போக விட்டார்கள். டோபையஸ் ஹாரிஸுக்கு ஐந்து ஆண்டுக்கு 180 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே பட்லர் மயாமியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

நான்காவது குவார்ட்டரில் சிம்மன்ஸ் ஒதுங்கினார் என்கிறீர்கள். சரி, பட்லர் இருந்திருந்தால் அவர் ஒதுங்குவது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. பாஸ் கொடுத்து, ரீபவுண்ட் எடுத்து, தற்காப்பு ஆடினால் போதும். எறியத் தெரியாதவரை எறிந்தே ஆகவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?


உட்லண்ட்ஸ் வேலு | 22 ஜூன் 2021

மதி எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பட்லரை விட்டது இந்த அணியின் பெரிய காயம். ஆனால் ஹாரிஸை ஏழாவது ஆட்டத்துக்காகக் குறை சொல்ல முடியாது. 24 புள்ளி எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில் காணாமல் போனதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.


ஈசூன் வாசி | 23 ஜூன் 2021

ரிவர்ஸைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை, அதனால் திரும்ப வருகிறேன்.

3-1 என்று முன்னிலையில் இருந்து தொடரைத் தோற்ற அனுபவம் அவருக்கு மூன்று முறை: 2003-ல் ஆர்லாண்டோவில், 2015-லும் 2020-லும் கிளிப்பர்ஸில். கையில் இருப்பதைக் காப்பாற்றும் நேரத்தில் அவருடைய அணிகள் தடுமாறுவது புதிதல்ல. இந்தத் தொடரில் 18 புள்ளியும் 26 புள்ளியும் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் கரைந்தன. எதிரணி வேகம் பிடிக்கும்போது ஆட்டத்தின் ஓட்டத்தை மாற்றுவதுதான் கோச்சின் வேலை. அதை நான் பார்க்கவில்லை.

அதைவிட என்னைப் பாதித்தது ஆட்டத்துக்குப் பிறகு நடந்தது. சாம்பியன் பட்டம் வெல்லும் அணிக்கு சிம்மன்ஸ் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அதற்கு இப்போது தன்னிடம் பதில் இல்லை என்றார் ரிவர்ஸ். பருவம் முழுவதும் அவரைத் தாங்கிப் பேசியவர், அவர் மிகவும் நொறுங்கிப் போயிருந்த இரவில் கையை எடுத்துவிட்டார். எம்பீடும் அந்த ஒரு நகர்வைக் காட்டினார். ஒரே இரவில் கோச்சும் சக வீரரும் இப்படிச் செய்தால் அந்த ஆள் இனி அந்தச் சட்டையை எப்படிப் போடுவார்?


தெம்பனிஸ் தாக்குதல் | 23 ஜூன் 2021

உண்மையைச் சொன்னார்கள் அண்ணே. உண்மை வலிக்கும். சனிக்கிழமை மில்வாக்கி அணி, புரூக்ளின் நெட்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வென்றது. நெட்ஸின் டுரான்ட் களைத்துப்போன நிலையிலும் எறிந்துகொண்டே இருந்தார். கடைசியில் தவறினார், தோற்றார். அவரை யாராவது கோழை என்று சொன்னார்களா? சொல்லவில்லை. ஏனென்றால் அவர் எறிந்தார்.


புக்கிட் பாத்தோக் கோச் அக்கா | 23 ஜூன் 2021

டுரான்ட் உதாரணம் மிகச் சரி தம்பி. என் பிள்ளைகளுக்கும் அந்த இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டப்போகிறேன்.


செங்காங் மதி | 15 மே 2023

இந்த இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். இன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

பாஸ்டன் 112, ஃபிலடெல்ஃபியா 88. மறுபடியும் இரண்டாவது சுற்று, மறுபடியும் ஏழாவது ஆட்டம். பாஸ்டனின் டேட்டம் 51 புள்ளி. இந்த ஆண்டு எம்விபி, அதாவது ஆகச் சிறந்த வீரர் விருது வாங்கிய எம்பீட் 15 புள்ளி. ஹார்டன் 9. தொடரில் 3-2 என்று முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டார்கள்.

சிம்மன்ஸ் இந்த அணியில் இல்லை. 2021 ஜூனுக்குப் பிறகு சிக்சர்ஸ் சட்டையில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே, 2022 பிப்ரவரியில் ஹார்டனுக்கு மாற்றாக புரூக்ளினுக்குப் போய்விட்டார். போன ஆண்டும் இரண்டாவது சுற்றில்தான் வெளியேறினார்கள், அதுவும் பட்லரின் மயாமியிடம். அன்று பட்லர் 32 புள்ளி எடுத்துவிட்டு, என்னை விட்டுவிட்டு ஹாரிஸையா வைத்துக்கொண்டீர்கள் என்று கத்திக்கொண்டே உள்ளே போனார்.

2021-ல் பழி முழுவதும் சிம்மன்ஸ் மேல்தான் என்று எழுதியவர்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள்?


ஈசூன் வாசி | 17 மே 2023

ரிவர்ஸையும் நீக்கிவிட்டார்கள். அன்று நான் எழுதிய வரிசையில் முதல் பெயர் அதுதான். இரண்டு ஆண்டு முன்பே செய்திருந்தால் சிம்மன்ஸோடும் பேசித் தீர்த்திருக்கலாம், செத் கரியையும் அந்தப் பரிமாற்றத்தில் இழந்திருக்க வேண்டாம்.


உட்லண்ட்ஸ் வேலு | 17 மே 2023

எம்பீடுக்காக அன்று நிறைய வாதாடினேன், இப்போதும் வாதாடுவேன். இந்தத் தொடரின் முதல் ஆட்டத்தை முழங்கால் காயத்தால் அவர் ஆடவே இல்லை. ஆனால் ஏழாவது ஆட்டத்தில் 18 முறை எறிந்து 5 மட்டும் போட்டதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் பாதியைப் பார்த்தது மிகக் கஷ்டமாக இருந்தது.


தெம்பனிஸ் தாக்குதல் | 17 மே 2023

மதி, கேட்டீர்கள், சொல்கிறேன். இரண்டு தோல்வியும் ஒன்றல்ல.

பாஸ்டன் வலுவான அணி. போன ஆண்டு இறுதிச் சுற்று வரை போனவர்கள். அவர்களிடம் அவர்கள் அரங்கில் தோற்பது நடக்கக்கூடியதுதான். 2021-ல் நிலைமை அப்படியா இருந்தது? நாம்தான் பிரிவில் முதலிடம். நெட்ஸ் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. ஏழாவது ஆட்டம் நம் அரங்கில். எதிரே ஹண்டர் இல்லாத ஹாக்ஸ், யங் 23-க்கு 5. அடுத்த சுற்றில் மில்வாக்கி, அவர்கள்தான் பிறகு பட்டம் வென்றார்கள். அவர்களை நாம் வென்றிருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மோதிப் பார்த்திருக்கலாம். 2001-க்குப் பிறகு பிரிவு இறுதிச் சுற்றையே பார்க்காத அணிக்கு அவ்வளவு தெளிவான வழி அதன் பிறகு திறக்கவே இல்லை.

ரிவர்ஸ், எம்பீட், தைபூல், நிர்வாகம், நீங்கள் எழுதிய எல்லாரையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வளையத்துக்கு அடியில், கையில் பந்தோடு, எதிரே யங் மட்டும் நிற்க, எறியாமல் விட்டது ஒருவர்தான். அவரை முதல் இடத்திலிருந்து நான் இறக்க மாட்டேன்.